நமேக்கின் ஐந்து நிமிடமும் ட்ரெஸ்ரோசாவின் இரண்டரை ஆண்டும்: அனிமே ஃபில்லர் எங்கிருந்து வருகிறது?

நமேக் கிரகம் இன்னும் ஐந்தே நிமிடத்தில் வெடிக்கப்போகிறது என்று வில்லன் ஃப்ரீசா அறிவிக்கிறான். ‘டிராகன் பால் இசட்’ பார்த்த எவருக்கும் அந்த ஐந்து நிமிடம் மறந்திருக்காது. 1991இல் ஜப்பானின் ஃபுஜி டிவியில் வாரம் ஓர் எபிசோடாக அது ஒளிபரப்பானபோது, கிரகம் உண்மையில் வெடிப்பதற்குள் ஏறக்குறைய பத்து வாரங்கள் போய்விட்டன. நாயகன் கோகு கத்துகிறான், நிலம் பிளக்கிறது, எரிமலைக் குழம்பு பொங்குகிறது, தொலைவில் இருப்பவர்கள் பதறுகிறார்கள், அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் தொடங்குகிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. பணத்தாசை என்பவர்களும் உண்டு. இரண்டுமே அரைகுறை விளக்கம் என்பது என் கருத்து. கோளாறு காலண்டரில் இருக்கிறது. அந்தக் கணக்கு புரிந்துவிட்டால், ஃபில்லர், அதாவது இட்டுநிரப்பும் சரக்கு, என்ற ஒரே சொல்லால் நாம் திட்டும் விஷயங்கள் எத்தனை வேறுபட்டவை என்று தெரியவரும். அவற்றில் பார்வையாளரை அதிகம் வருத்தியது ஃபில்லர் எபிசோடுகள் அல்ல என்பதும் தெரியவரும்.

கணக்கைப் பார்ப்போம். ஷூயெய்ஷா வெளியிடும் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் ஒரு மங்காத் தொடருக்கு, அதாவது படக்கதைத் தொடருக்கு, வாரத்துக்குப் பத்தொன்பது பக்கம் அளவில் இடம் கிடைக்கும். பண்டிகைக் காலங்களில் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து ஒரே இதழ் வரும். ஓவியருக்கு உடல்நலம் குன்றினால் அந்த வாரம் அத்தியாயம் இல்லை. எனவே ஆண்டுக்கு நாற்பத்தைந்து அத்தியாயங்கள் வந்தாலே நல்ல ஆண்டுதான். அந்த மங்காவைப் படமாக்கும் அனிமேக்குத் தொலைக்காட்சியில் அரைமணி நேர இடத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது 24 நிமிடம். தொடக்கப் பாடலுக்கு ஒன்றரை நிமிடம், முடிவுப் பாடலுக்கு ஒன்றரை நிமிடம், போன வாரச் சுருக்கம், அடுத்த வார முன்னோட்டம் எல்லாம் கழித்தால் கதைக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் இயல்பான ஓட்டத்தில் போனால் இரண்டு அத்தியாயங்களை முழுசாக விழுங்கிவிடும். ஆண்டுக்கு ஐம்பது எபிசோடு என்றால் நூறு அத்தியாயம் வேண்டும். வருவது அதில் பாதிகூட இல்லை. ஊறுவதைவிட இரு மடங்கு வேகத்தில் இறைக்கும் கிணறு வற்றாமல் இருக்குமா?

‘நருட்டோ’வை எடுத்துக்கொள்வோம். மசாஷி கிஷிமோட்டோவின் மங்கா 1999இல் தொடங்கியது. பியரோ ஸ்டூடியோவின் அனிமே 2002 அக்டோபரில் டிவி டோக்கியோவில் வந்தது. மூன்று ஆண்டுக் கையிருப்போடு புறப்பட்ட தொடர் அது. நாயகன் நருட்டோவின் நண்பன் சசுகே ஊரைவிட்டுப் போவதோடு முடியும் முதல் பாகம் மங்காவில் 238 அத்தியாயம். அனிமே அந்த இடத்தை 135ஆம் எபிசோடில் எட்டியது. இடையில் வந்த சில சொந்தச் சரக்கையும் சேர்த்தே எபிசோடுக்கு ஏறத்தாழ 1.8 அத்தியாயம். நல்ல வேகம், பார்க்க விறுவிறுப்பான வேகம். அந்த வேகத்துக்கான விலையும் அங்கேயே காத்திருந்தது. 2005இல் 135ஆம் எபிசோடு வந்தபோது மங்காவின் இரண்டாம் பாகம் அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தது. எடுத்துப் படமாக்க எதுவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு ஸ்டூடியோவுக்கு இருக்கும் வழிகள் குறைவு. நிறுத்தலாம். ஆனால் வாராந்தர நேரம் என்பது ஸ்டூடியோவின் சொத்து அல்ல. தொலைக்காட்சி நிலையம், விளம்பரதாரர், பொம்மையும் வீடியோ கேமும் விற்கும் நிறுவனம், மங்காவை வெளியிடும் பதிப்பகம் என்று பலர் சேர்ந்து பிடித்துவைத்திருக்கும் இடம் அது. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அங்கே வேறொரு தொடர் உட்கார்ந்துவிடும், திரும்பக் கிடைப்பது உறுதியில்லை. வாராவாரம் குழந்தைகள் கண்ணில் படாத தொடரின் பொம்மை கடையில் தேங்கும். எனவே நிறுத்துவது என்ற யோசனையே அந்தக் காலத்தில் தோல்வியை ஒப்புக்கொள்வதற்குச் சமம். இன்னொரு வழி, மூலத்தை விட்டுப் பிரிந்து தன் போக்கில் கதையை முடிப்பது. அதற்குத் துணிந்த ஒரு தொடரைப் பின்னால் பார்ப்போம். மூன்றாவது வழிதான் ஃபில்லர்: மங்காவில் இல்லாத கதையைத் தானே எழுதி, மூலக் கதையின் எந்தத் துரும்பையும் அசைக்காமல் நேரத்தை ஓட்டுவது.

நருட்டோ மூன்றாவது வழியில் போனது. 136ஆம் எபிசோடிலிருந்து 219 வரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, நருட்டோ ஊர் ஊராகச் சின்னச் சின்னப் பணிகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அதற்கு முந்தைய எபிசோடில்தான் நண்பனை இழந்து, காயத்தோடு, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் திரும்பியிருக்கிறான். அந்தத் துயரத்துக்குப் பிறகு வாரம் ஒரு வேடிக்கைப் பணி என்றால் மனசு ஒட்டுமா? ஃபில்லருக்குள்ள அடிப்படை ஊனம் இதுதான். கதாபாத்திரம் வளரக் கூடாது, உறவு மாறக் கூடாது, புதிதாக எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது, யாரும் சாகக் கூடாது. அடுத்த வாரம் மங்கா எங்கே விட்டதோ அங்கே எல்லாரும் அதே நிலையில் நிற்க வேண்டும். எழுதுகிறவரின் கையைக் கட்டிவிட்டு எழுதச் சொல்வது இது. இந்தக் கட்டுக்குள் ஒரு கதையில் பதற்றத்தை உண்டாக்குவது மிகக் கடினம், ஏனென்றால் எதுவும் பாதிக்காது என்பது பார்ப்பவருக்கு உள்ளூரத் தெரியும்.

‘ப்ளீச்’ இதைவிடக் கொடுமையான ஒன்றைச் செய்தது. டைட் குபோவின் அந்தக் கதையில் தோழி ஒரிஹிமேயை மீட்க நாயகன் இச்சிகோவும் நண்பர்களும் எதிரிகளின் உலகமான ஹுவேகோ முண்டோவுக்குள் புகுந்திருக்கிறார்கள். இச்சிகோவுக்கும் கிரிம்ஜோவுக்கும் நடக்கும் சண்டை 167ஆம் எபிசோடில் முடிகிறது. 168ஆம் எபிசோடில் அத்தனை பேரும் எதுவுமே நடக்காததுபோல வேறோர் இடத்தில் இருக்கிறார்கள், அமகாய் என்றொரு புதுத் தலைவர் வந்து சேர்கிறார். 22 எபிசோடு, ஐந்து மாதம். பிறகு 190இல் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடர்கிறது. அமகாய் கதை தன்னளவில் மோசமானது என்று நான் சொல்லமாட்டேன். அதன் முடிச்சுக்கு உழைத்திருக்கிறார்கள். வைத்த இடம்தான் அதைக் கொன்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எந்த நல்ல கதையைச் செருகினாலும் அது தடுப்புச் சுவர்தான்.

அதே ப்ளீச்சில் 230 முதல் 265 வரை வரும் இன்னொரு ஃபில்லர் பகுதியை ரசிகர்கள் அன்போடு நினைவுகூர்வார்கள். ஷினிகாமிகள் என்ற மரணதேவர்களின் வாள்களுக்குள் வாழும் ஆவிகள் உருவெடுத்து, தங்கள் உடைமையாளர்களுக்கு எதிராகவே திரும்பும் கதை. வாளுக்குள் ஆவி உண்டு, அதற்குப் பெயர் உண்டு, குணம் உண்டு என்பது குபோ முதலிலேயே வகுத்த விதி. ஆனால் பெரும்பாலான வாள்களின் ஆவியை மங்கா அதுவரை காட்டியதில்லை. ஃபில்லர் எழுத்தாளர்கள் அந்த மூலையைக் கண்டுபிடித்து அங்கே விளக்கைப் போட்டார்கள். மூலத்தின் போக்கை மாற்றாமலேயே அந்த உலகத்தை அகலமாக்க முடியும் என்பதற்கு இது சான்று.

‘ஒன் பீஸ்’ ரசிகர்கள் ஜி-8 என்று சொன்னால் முகம் மலர்வதும் இதனால்தான். வானத் தீவிலிருந்து கீழே இறங்கும் கடற்கொள்ளையன் லூஃபியின் கப்பல் நேராகக் கடற்படைக் கோட்டைக்குள் போய் விழுகிறது. 196 முதல் 206 வரையிலான எபிசோடுகள் முழுவதும் அங்கிருந்து தப்பிப்பதுதான் கதை. சாஞ்சி அவர்களுடைய சமையலறைக்குள் போகிறான், சாப்பர் அவர்களுடைய மருத்துவமனைக்குள் மாட்டிக்கொள்கிறான். கோட்டைத் தலைவர் ஜோனதன் சத்தமே போடாத, மீன்பிடிக்க உட்கார்ந்தபடியே எதிராளியின் அடுத்த நகர்வைக் கணிக்கும் மனிதர். லூஃபி கூட்டத்தில் ஒவ்வொருவரும் யார் என்பது அந்தப் பதினோரு எபிசோடுகளில் தெளிவாகத் துலங்குகிறது. இதில் ஒரு வரிகூட எய்ச்சிரோ ஓடா வரைந்த மங்காவில் இல்லை.

ஃபில்லருக்கு எதிராக இவ்வளவு கோபம் எழுந்த பிறகு தயாரிப்பாளர்கள் வேறு வழி தேடினார்கள். மங்காவில் இல்லாததைச் சேர்ப்பதைக் குறைப்போம், மங்காவில் இருப்பதையே மெதுவாகச் சொல்வோம் என்ற வழி. இதுதான் என் பார்வையில் உண்மையான சேதம்.

ஒன் பீஸின் பழைய வேகம் என்னவென்று முதலில் பாருங்கள். 1999 அக்டோபரில் தொடங்கிய அனிமே, மங்காவின் முதல் நூறு அத்தியாயங்களை 53 எபிசோடுகளில் முடித்தது. எபிசோடுக்கு இரண்டு. ட்ரெஸ்ரோசா கதைக்கு வரும்போது நிலைமை தலைகீழ். மங்காவில் 700 முதல் 801 வரை 102 அத்தியாயங்கள். அனிமேயில் 629 முதல் 746 வரை 118 எபிசோடுகள். ஓர் எபிசோடுக்கு ஓர் அத்தியாயம்கூட இல்லை. பக்கக் கணக்கில் சொன்னால் இருபது நிமிடத்துக்குப் பதினைந்து பதினாறு பக்கம். 2014 ஜனவரியில் தொடங்கி 2016 ஜூனில் முடிந்தது. கதைக்குள்ளே ஏறக்குறைய ஒரே நாளில் நடந்து முடியும் கலவரத்தை இரண்டரை ஆண்டு பார்த்தோம். லூஃபி அரண்மனையை நோக்கி ஓடுகிறான், ஓடுகிறான், வாரக்கணக்கில் ஓடுகிறான். கடைசியில் சக்தி தீர்ந்துபோய் மீண்டுவர அவனுக்குப் பத்து நிமிடம் வேண்டும் என்கிறபோது, நமேக்கை அறிந்தவர்களுக்கு வயிறு கலங்கும்.

மங்காவிலும் அந்தக் கதைக்கு அதே இரண்டரை ஆண்டு ஆனதே, அப்படியிருக்க அனிமேயில் மட்டும் ஏன் உறுத்துகிறது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. மங்காவில் நேரம் வாசகரின் கண்ணில் இருக்கிறது. இரண்டு பேர் முறைத்துக்கொள்ளும் ஒரு முழுப் பக்கப் படத்தை நான் இரண்டு விநாடி பார்ப்பேன், ஓவியத்தை ரசிப்பவர் இருபது விநாடி பார்ப்பார், இருவருக்கும் அது சரியான நேரம். பத்தொன்பது பக்கத்தை ஐந்தாறு நிமிடத்தில் வாசித்துவிட்டு, அந்த விசையோடேயே அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கிறோம். திரையில் நேரம் இயக்குநரின் கையில் இருக்கிறது. அதே முறைப்பு பதினெட்டு விநாடி, பின்னால் நிற்கும் ஐந்து பேர் ஒவ்வொருவராகத் திகைத்துப் பார்ப்பது இன்னும் இருபது விநாடி, போன வாரக் குத்து மறுபடி மூன்று கோணத்தில், சிறுவயது நினைவு ஒன்று, அது நான்காவது முறை. பார்வையாளர் எழுந்துபோக முடியாது, ஏனென்றால் இது ‘அசல் கதை’.

இந்த முறைப்புக்கும் திகைப்புக்கும் செலவுக் கணக்கும் துணைபோகிறது. ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷன் 1963இல் ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் ‘தெத்சுவான் அதோம்’ தொடரை வாராவாரம் தயாரிக்கத் தொடங்கிய நாள்முதலே படங்களைச் சிக்கனப்படுத்தித்தான் பிழைத்துவந்திருக்கிறது. விநாடிக்கு 24 படத்துக்குப் பதில் எட்டு வரைந்து ஒவ்வொன்றையும் மூன்று முறை படம்பிடிப்பது, வாய் மட்டும் அசைவது, அசையாத ஓவியத்தின் மேல் கேமராவை நகர்த்துவது, ஏற்கெனவே வரைந்த அசைவைச் சேமித்துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எல்லாம் அங்கே அன்றே வழக்கமான உத்திகள். இரண்டு பேர் நிஜமாகச் சண்டையிடும் பத்து விநாடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியம் தேவைப்படலாம். அதைப் பத்துப் பேர் வாய்பிளந்து பார்ப்பதற்கு முகத்துக்கு ஒன்று போதும். கதையை நீட்டவேண்டிய கட்டாயமும் ஓவியத்தை மிச்சம்பிடிக்கவேண்டிய கட்டாயமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பில்தான் திகைத்த முகங்களின் ஊர்வலம் பிறக்கிறது.

எவ்வளவு நேரம் இப்படிப் போகிறது என்பதை அளக்க ஒரு நல்ல வாய்ப்பு பின்னால் கிடைத்தது. 2009இல் டோயே அனிமேஷன் டிராகன் பால் இசட்டை வெட்டித் தொகுத்து ‘காய்’ என்ற பெயரில் வெளியிட்டது, மீதிப் பகுதி 2014இல் வந்தது. அகிரா தொரியாமாவின் மங்காவில் இசட்டுக்கு உரிய பகுதி 325 அத்தியாயம். பழைய தொடர் 291 எபிசோடு. காய், ஒளிபரப்பாகாத ஒன்றையும் சேர்த்து, 159. ஏறக்குறைய 130 எபிசோடு கரைந்துபோனது, கதையின் எலும்பு அப்படியே நின்றது. எபிசோடுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் நாற்பது மணி நேரத்துக்கு மேல்.

ஆனால் காயில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கோகுவும் பிக்கோலோவும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் எபிசோடு அதில் இல்லை. பழைய தொடரில் 125ஆவது அது. உலகையே அழிக்கக்கூடிய இரண்டு பேர், பறக்கத் தெரிந்த இரண்டு பேர், மனைவி சொன்னாள் என்பதற்காக ஒருவனும் அவனோடு துணைக்கு மற்றவனுமாக ஓட்டுநர் பள்ளிக்குப் போகிறார்கள். இருவருக்கும் உரிமம் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் ஒருவரையொருவர் கொல்லத் துடித்தவர்கள் இன்று பக்கத்துப் பக்கத்துக் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை எந்தச் சண்டைக் காட்சியும் அவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை. நருட்டோவின் 101ஆம் எபிசோடும் அப்படித்தான். ஆசிரியர் ககாஷியின் முகமூடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க நருட்டோவும் சசுகேவும் சகுராவும் ஒருநாள் முழுக்கத் திட்டம் போடுகிறார்கள். கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே இன்னொரு முகமூடி. அடுத்த சில எபிசோடுகளில் சசுகே பிரிந்துபோகிறான். அந்த மூவரும் குழந்தைகளாகச் சேர்ந்து சிரித்த கடைசி நாட்களில் ஒன்றைக் கொடுத்தது மங்காவில் இல்லாத ஓர் எபிசோடு.

நேரம் என்பது ஒரு கதைக்கு என்ன செய்யும் என்பதை இன்னும் கூர்மையாகக் காட்டும் சோதனை ஒன்று தற்செயலாகவே நடந்திருக்கிறது. ஹிரோமு அரகாவாவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ இரண்டு முறை அனிமே ஆனது, இரண்டையும் செய்தது போன்ஸ் ஸ்டூடியோதான். 2003இல் வந்தது 51 எபிசோடு. மங்கா முடியவில்லை என்பதால் பாதியில் பிரிந்து தன் சொந்த முடிவை நோக்கிப் போனது. 2009இல் வந்த ‘பிரதர்ஹுட்’ 64 எபிசோடு, மங்காவை ஒட்டி கடைசிவரை சென்றது. மொத்தக் கதையாக எது சிறந்தது என்றால் பெரும்பாலோர் பிரதர்ஹுட்டையே சொல்வார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை.

ஆனால் மேஸ் ஹ்யூஸின் சாவை மட்டும் எடுத்துப் பாருங்கள். எல்லாரிடமும் மகளின் போட்டோவைக் காட்டித் தொல்லைப்படுத்தும் அந்த ராணுவ அதிகாரி, பிரதர்ஹுட்டில் 10ஆம் எபிசோடில் கொல்லப்படுகிறார். முதல் தொடர் கையாண்ட பகுதிகளை மறுபடி நீட்டவேண்டாம் என்று வேகமாக ஓடியதன் விளைவு. 2003 தொடரில் அவர் இறப்பது 25ஆம் எபிசோடில். அதற்குள் நாயகன் எட்வர்டின் பன்னிரண்டாம் பிறந்தநாள் ஹ்யூஸின் வீட்டில் நடக்கிறது, வெளியே பனி கொட்டுகிறது, அன்றே அவர் மனைவிக்குப் பிரசவ வலி வருகிறது, தாயில்லாத எட்வர்டும் அவன் தம்பியும் ஓர் உயிர் பிறப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்கள். அந்தப் பிறந்தநாள் இரவு மங்காவில் இல்லை. எது ஃபில்லர் என்று இணையத்தில் பட்டியல் போடும் கண்டிப்பானவர் அதை ஃபில்லர் என்றே குறிப்பார். அந்தப் பையன்களோடு சேர்ந்து அந்த இரவைப் பார்த்த நாம் அவருடைய சாவைப் பார்க்கும்போது, அந்த இழப்பு வேறு எடையில் வந்து விழுகிறது. இருபத்தைந்து வாரம் பழகிய மனிதரும் பத்து வாரம் பழகிய மனிதரும் ஒன்றல்ல.

ஆகவே இணையத்தில் சுற்றும் ஃபில்லர் பட்டியல்களைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. அவை பயனுள்ளவை, நானும் பார்ப்பவன்தான். ஆனால் ஓர் எபிசோடு எங்கிருந்து வந்தது என்பதை மட்டுமே அவை அளக்கின்றன. ட்ரெஸ்ரோசாவில் லூஃபி ஓடிக்கொண்டேயிருக்கும் எபிசோடு ‘கேனான்’, அதாவது மூலக் கதை, என்ற முத்திரையோடு பட்டியலில் பாதுகாப்பாக நிற்கும், ஜோனதனின் கோட்டை ‘தாண்டலாம்’ என்ற வரிசையில் கிடக்கும். இருபது நிமிடத்தில் ஒரு மனிதரைப் பற்றியோ ஓர் உறவைப் பற்றியோ ஓர் உலகத்தைப் பற்றியோ நமக்குத் தெரியாத ஒன்று தெரியவந்ததா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

மூலமே இல்லாமல் திரைக்காகவே எழுதப்பட்ட தொடர்களிடம் போனால் இது இன்னும் தெளிவாகும். ‘கௌபாய் பீபாப்’ 26 எபிசோடு. ஸ்பைக்குக்கும் விசியஸுக்கும் இடையிலான பகை என்ற மையக் கதை அதில் வருவது ஐந்தே எபிசோடுகளில்: 5, 12, 13, 25, 26. மற்ற இருபத்தொன்றையும் தாண்டிவிட்டால் மிஞ்சுவது பீபாப்பே அல்ல. அமெரிக்காவின் ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரின் முதல் பருவத்தில் ‘தி கிரேட் டிவைட்’ என்றோர் எபிசோடு உண்டு. இரண்டு கூட்டங்கள் சண்டை போடுகின்றன, நாயகன் ஆங் ஒரு பொய் சொல்லி முடித்துவைக்கிறான், அவ்வளவு. தொடரை எழுதியவர்களே மூன்றாம் பருவத்தில் அந்தப் பள்ளத்தாக்கை நிற்காமல் பறந்து கடப்பதாகக் கிண்டல் செய்தார்கள். அதே தொடரின் இரண்டாம் பருவத்தில் ‘டேல்ஸ் ஆஃப் பா சிங் சே’ வருகிறது. அதிலும் கதை ஓர் அங்குலம் நகர்வதில்லை, நகரத்தில் ஒவ்வொருவரும் ஒருநாளை எப்படிக் கழித்தார்கள் என்பதுதான். ஐரோ என்ற முதியவர் வழியில் கண்டவர்க்கெல்லாம் உதவிவிட்டு, மாலையில் ஒரு குன்றின் மேல் இறந்த மகனின் படத்தை வைத்துப் பாடுகிறார். அவருக்குக் குரல் கொடுத்த நடிகர் மாகோ 2006 ஜூலையில் காலமானார், அந்தப் பகுதி அவருக்குக் காணிக்கை. அதை ஃபில்லர் என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

மெதுவாகப் போவதும் நீட்டுவதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். ‘ஹன்டர் ஹன்டர்’ கதையை மேட்ஹவுஸ் 2011இல் எடுத்தபோது 339 அத்தியாயங்களை 148 எபிசோடுகளில் சொன்னது, தாராளமான வேகம். அதன் கிமேரா எறும்புப் பகுதியில் அரண்மனைக்குள் புகும் இரவு வருகிறது. விநாடிகள் நிமிடங்களாகவும் நிமிடங்கள் எபிசோடுகளாகவும் விரிகின்றன, கதைசொல்லியின் குரல் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் போய்வருகிறது. சிலருக்கு அது பிடிக்காது. ஆனால் அந்த மெதுநடை மங்கா ஆசிரியர் தொகாஷி எழுதிய கதையிலேயே இருப்பது, ஒரு தீர்மானம் எவ்வளவு சின்ன நேரத்தில் எடுக்கப்படுகிறது என்பதே அங்கே பொருள். ஒன் பீஸிலேயே 1000ஆவது அத்தியாயத்தை 2022இல் 1015ஆம் எபிசோடாக மெகுமி இஷிதானி இயக்கினார். ஓர் அத்தியாயத்துக்கு ஓர் எபிசோடு, ரசிகர்கள் சலித்துக்கொள்ளும் அதே விகிதம்தான். ஒளி, மௌனம், பழைய நினைவு எல்லாவற்றையும் அவர் கோத்த விதத்தில் ஒரு விநாடிகூட வீண் என்று தோன்றவில்லை.

ஃபில்லருக்குக் காரணம் மங்காவை எட்டிப்பிடிப்பது மட்டும்தான் என்று நம்புகிறவர்கள் நருட்டோவின் இரண்டாம் பாகமான ‘நருட்டோ ஷிப்பூடென்’ தொடரின் தேதிகளைப் பார்க்கவேண்டும். மங்கா 700 அத்தியாயத்தோடு 2014 நவம்பரில் முடிந்துவிட்டது. அனிமே 2017 மார்ச்வரை ஓடி 500ஆம் எபிசோடில்தான் நின்றது. 432 முதல் 450 வரை, ஒரு கனவுக்குள் நடப்பதாகச் சொல்லப்படும் பத்தொன்பது எபிசோடு, மங்கா முடிந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து வந்தது. அப்போது எட்டிப்பிடிக்க முன்னால் யாரும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. இறுதிப்போர் நடுவில் நிற்கிறது, மூலம் முழுசாகக் கையில் இருக்கிறது, இருந்தும் கதை தள்ளிப்போனது. 2017 ஏப்ரலில் ‘போருட்டோ’ தொடங்கியது. இடத்தை இழக்காமல் அடுத்த தொடர்வரை கொண்டுசேர்ப்பது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த முறை இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. மூன்று மாதம், 12 அல்லது 13 எபிசோடு, பிறகு இடைவெளி என்ற பருவ முறையே வழக்கம். ‘அட்டாக் ஆன் டைட்டன்’ 2013இல் 25 எபிசோடோடு நின்று, இரண்டாம் பருவத்துக்கு 2017வரை காக்கவைத்தது. ப்ளீச்சே 2012இல் நின்று, பத்தாண்டு கழித்து 2022இல் பருவங்களாகத் திரும்பியது. ஓவியத் தரம் எங்கேயோ போய்விட்டது, ஃபில்லர் அருகிவிட்டது. புது நோய்களும் வந்தன. ‘தி ப்ராமிஸ்டு நெவர்லேண்ட்’ முதல் பருவத்தில் 37 அத்தியாயங்களுக்கு 12 எபிசோடு கொடுத்தது, அற்புதமான பருவம். 2021இல் வந்த இரண்டாம் பருவம் மீதி 144 அத்தியாயங்களை 11 எபிசோடுகளில் முடித்தது. கோல்டி பாண்ட் பகுதி முழுதும் காணாமல் போனது, கடைசியில் பல ஆண்டுகளின் கதை அசையாப் படங்களாக ஓடி மறைந்தது. நீட்டல் ஒரு தொடரைச் சலிப்பாக்கும். இந்தச் சுருக்கல் அதைக் கொன்றேவிட்டது. இன்னொரு பக்கம் ‘டீமன் ஸ்லேயர்’ 2024இல் பத்து அத்தியாயம் அளவே உள்ள பயிற்சிப் பகுதியைச் சொந்தக் காட்சிகள் சேர்த்து எட்டு எபிசோடாக்கியது, அடுத்து வரவிருந்த திரைப்படத்துக்கு வாசலாக. அதில் வில்லன் முஸான் இரவில் தனியே நடந்துவரும் நீண்ட காட்சி மட்டும் அந்த நீட்டலுக்கு நியாயம் செய்தது.

கடைசியாக மனம் மாறியது ஒன் பீஸ். 2024 அக்டோபரில் அது சுமார் ஆறு மாதம் நின்றது. அந்த இடைவெளியில் மீன்மனிதர் தீவுப் பகுதியை, ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய எபிசோடுகளை, 21ஆக வெட்டித் தொகுத்து ஒளிபரப்பினார்கள். தயாரிப்பாளர்களே தங்கள் நீட்டலை அளந்து காட்டிய மாதிரி அது. 2025 அக்டோபரில் அடுத்த அறிவிப்பு வந்தது: 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடு. கால் நூற்றாண்டுக்கு மேலாக வாராவாரம் வந்த தொடருக்கு இது மிகப் பெரிய மாற்றம். ஆண்டுக்கு நாற்பது அத்தியாயத்துக்கும் குறைவாகவே ஓடா வரைகிறார் என்று வைத்துக்கொண்டாலும் 26 எபிசோடுக்கு அது தாராளம். கணக்கு முதல்முறையாக அனிமேயின் பக்கம் சாய்கிறது.

இப்போது இந்தப் பழைய நீளத் தொடர்களைத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை. ப்ளீச்சில் 167 முடிந்ததும் நேராக 190க்குப் போங்கள், அமகாய் கதையை ஹுவேகோ முண்டோ முடிந்தபின் தனியாகப் பாருங்கள். வாள்களின் கலகத்தை விடாதீர்கள். நருட்டோவில் 136க்குப் பிறகு தாண்டினால் ஒன்றும் குறையாது, ஆனால் 220ஐப் பார்த்துவிட்டு ஷிப்பூடெனுக்குள் நுழையுங்கள். டிராகன் பால் இசட் தெரியாதவர் காயில் தொடங்கலாம், கார் ஓட்டும் எபிசோடை மட்டும் பழைய தொடரிலிருந்து தேடி எடுத்து, ஆண்ட்ராய்டுகள் வருவதற்கு முன் வைத்துப் பாருங்கள். ஒன் பீஸில் ஜி-8ஐ அதன் இடத்திலேயே பாருங்கள். ட்ரெஸ்ரோசாவுக்கு வரும்போது மங்காவைக் கையில் எடுங்கள், லூஃபியும் வில்லன் டொஃப்ளமிங்கோவும் நேருக்கு நேர் நிற்கும் கடைசிச் சண்டைக்குத் திரைக்குத் திரும்புங்கள்.